ஓடாத வண்டியும் செயல்படாத கணக்கும்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 1948ஆம் வருடத்துக் கார் ஒன்று இருபது அடி முன்னால் போய், இருபது அடி பின்னால் வந்ததைப் பார்த்தேன். மொத்தம் நாற்பது அடி. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சொந்த ஊர் செங்குன்றம். படித்தது பி.காம். வேலை வங்கியில். பாட்னா, புவனேஸ்வர் என்று சுற்றிவிட்டு ஆறு வருடமாகத் திருவனந்தபுரம். தமிழ்நாட்டு எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் செங்குன்றம் எண்ணூறு கிலோமீட்டர். பக்கத்தில் இருக்கிற தூரம்தான் ரொம்பப் படுத்தும் என்பது இங்கே வந்தபிறகுதான் புரிந்தது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பத்தேழு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. மூத்தவர் நியூஜெர்ஸியில், இளையவர் மெல்பர்னில். பென்ஷன் கணக்கு எங்கள் கிளையில் என்பதால் அறிமுகம். அது வளர்ந்து ஞாயிற்றுக்கிழமை காப்பி வரை வந்துவிட்டது.

அவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு எம்.ஜி. இருக்கிறது. எம்.ஜி. என்றதும் எம்.ஜி.ஆர் ஞாபகம் வந்தால் நீங்கள் நம்ம ஆள் :-) இது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் கார் விற்ற கடையின் பெயர், பிறகு கார் கம்பெனியின் பெயராகிவிட்டது. பெரியவருடையது டி.சி. என்ற மாடல். 1945இலிருந்து 1950க்குள் சுமார் பத்தாயிரம்தான் செய்தார்கள். 1250 சி.சி. எஞ்சின், 54 குதிரைசக்தி. இன்றைக்கு நம் வீட்டுச் சின்ன காரிலேயே அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் பத்தொன்பது அங்குல கம்பிச் சக்கரம், நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு சீட். முன் கண்ணாடியைத் திருகைத் தளர்த்தி அப்படியே முன்னால் படுக்க வைத்துவிடலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த வண்டியில் மயங்கி, கையோடு கொண்டுபோய், அங்கே ஸ்போர்ட்ஸ் கார் மோகத்தையே பரப்பினார்கள் என்பார்கள்.

நம் பெரியவர் இதை 1966இல், ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடமிருந்து 3,500 ரூபாய்க்கு வாங்கினார். அடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு தடவை சோழவரத்தில் ரேஸ் ஓட்டியிருக்கிறார்!

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. காரணம் இருக்கிறது. செங்குன்றத்திலிருந்து சோழவரம் சைக்கிள் மிதிக்கிற தூரம். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ரேஸ் வரும். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். புளிசாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். எந்த வண்டி, யார் ஜெயித்தார் எதுவும் ஞாபகமில்லை. சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது ஞாபகம் இருக்கிறது. பந்தய வண்டிகளின் ஆயில் புகைக்கு ஒரு இனிப்பான வாசனை உண்டு, அதுவும் ஞாபகம் இருக்கிறது. அப்பா இன்று இல்லை. அவர் உற்சாகமாகக் கத்தி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சோழவரம் பற்றித் தெரியாத இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம். அது போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்தது, விமானம் வருவதில்லை, கான்கிரீட் சும்மா கிடந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சும்மா கிடந்த ஓடுதளம் ரேஸ் மைதானமானது. இங்கிலாந்திலும் இதே கதைதான். சில்வர்ஸ்டோன், குட்வுட், த்ரக்ஸ்டன், ஸ்நெட்டர்டன் எல்லாமே போர்க்கால விமானத் தளங்கள். இந்த எம்.ஜி. பிறந்த அதே 1948இல்தான் சில்வர்ஸ்டோனிலும் குட்வுட்டிலும் பந்தயம் தொடங்கியது. கிளப் ஆரம்பித்தவர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவருடைய பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். விஜய் மல்லையாகூட சோழவரத்தில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் வண்டியை ஓட்டியிருக்கிறார். வங்கிக்காரன் என்ற முறையில் அந்தப் பெயரைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்குப் பிரஷர் ஏறும், விட்டுவிடுவோம் :-)

பெரியவர் சோழவரம் போன கதையைக் கேளுங்கள். டிரெய்லர் கிடையாது, மெக்கானிக் கூட்டம் கிடையாது. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, திருச்சி என்று அதே வண்டியை இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு மெட்ராஸ் போவார். மைதானத்தில் ஸ்டெப்னி, ஹூட், டூல்ஸ் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைப்பார். கண்ணாடியைப் படுக்க வைப்பார். கதவில் சுண்ணாம்பால் நம்பர். ரேஸ் ஓட்டுவார். முடிந்ததும் நம்பரை ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டி, மறுபடி இரண்டு நாள் ஓட்டி, புதன்கிழமை தோட்டத்தில் டியூட்டிக்கு நிற்பார்.

"எத்தனையாவது வந்தீங்க சார்?"

"முதல் தடவை ஏழு பேர்ல ஆறாவது, தம்பி. ஏழாவது வண்டி பாதியில நின்னு போச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அமெச்சூர் என்ற வார்த்தைக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பரிசும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. பிடிக்கும், அதனால் ஓட்டினார். அவ்வளவுதான்.

நிற்க. பிரச்சினைக்கு வருகிறேன்.

கடந்த ஆறு வருடமாக அந்த வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. பெரியவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன்கள் இருவரும் தங்கமானவர்கள், தினமும் வீடியோ காலில் பேசுகிறார்கள். வீட்டை விற்று அப்பாவைத் தங்களோடு கூட்டிப்போக நினைக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. மூத்தவர் என்னைக் கூப்பிட்டார். "சார், அந்தக் காரை டிஸ்போஸ் பண்ணணும். வடக்கே ஒரு பார்ட்டி நல்ல விலை சொல்றாங்க. பேப்பர்ஸ் எல்லாம் நீங்க கொஞ்சம் பார்த்துக் கொடுக்க முடியுமா?"

விசாரித்தேன். அந்த பார்ட்டி, வண்டியைப் பிரித்து, பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, ஒரு ரிசார்ட் வரவேற்பறையில் கயிறு கட்டி நிறுத்தப் போகிறார்கள். எஞ்சின் ஓடவேண்டிய அவசியமே இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

காமர்ஸ் படித்தவன் புத்தி, உடனே கணக்குப் போட்டேன். இன்றைய வருமான வரிக் கணக்குப்படி காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம். 3,500 ரூபாய் வண்டிக்கு ஐம்பது வருடம் அப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது ஒரு ரூபாய் சொச்சம். பார்ட்டி சொன்ன விலையோ பல லட்சம். ஒரு ரூபாய் எங்கே, பல லட்சம் எங்கே! அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது எது? தகரமும் மரமும் இல்லை. யாரோ இவற்றை ஓட்டிக்கொண்டே இருந்ததுதான்.

எப்படி என்று கேட்டால், இங்கிலாந்தைப் பாருங்கள். எம்.ஜி. கார் கிளப் 1930இல் தொடங்கியது. விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934இல் தொடங்கியது. இவர்கள் பழைய வண்டிகளைக் காட்சிக்கு மட்டும் வைப்பதில்லை, ரேஸ் விடுகிறார்கள். விண்டேஜ் என்றால் அவர்கள் கணக்கில் 1931க்கு முந்தியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய வண்டிகள் மழையில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஓடுகின்றன. குட்வுட்டில் 1998இலிருந்து பழைய கார்களுக்கென்றே ரிவைவல் பந்தயம் நடக்கிறது. வண்டி ஓடுவதால் தேய்கிறது. தேய்வதால் பார்ட்ஸ் வேண்டும். வேண்டும் என்பதால் ஒருவர் செய்து விற்கிறார். எம்.ஜி. பிறந்த ஆபிங்டன் தொழிற்சாலையை 1980இலேயே மூடிவிட்டார்கள். ஆனால் டி.சி.க்கு இன்றும் புது கேஸ்கெட் கிடைக்கிறது. கம்பெனி போய்விட்டது, பிழைப்பு போகவில்லை.

நம் ஊரில்? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? வண்டலூர்ப் பக்கம் செய்த கார். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அது. ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸும் அதே ஹெரால்டு சேஸிஸிலிருந்து வந்ததுதான். சோழவரத்தில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. எத்தனை வீடுகளில் அது இருந்தது! இன்று ஒரு ஹெரால்டு வைத்திருப்பவரிடம் பார்ட்ஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கண்ணீர் வடிப்பார்.

நம்மிடம் விண்டேஜ் கார் விழாக்கள் இல்லாமல் இல்லை. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை டெல்லியில் 1964இலிருந்து ராலி நடத்தியது. கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் 2015இலிருந்து அருமையான கார் மியூசியம் இருக்கிறது, குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். மியூசியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா வண்டியும் மியூசியத்துக்கும் வரவேற்பறைக்கும் போய்விட்டால், அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைப் பார்த்த கடைசி ஆள் நம் பெரியவர் தலைமுறையாகத்தான் இருக்கும்.

சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழசாக இருக்க வேண்டும், பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. நல்ல விஷயம்தான், பழைய வண்டிக்கு ஒரு மரியாதை. ஆனால் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரிக் காரணங்களுக்கு மட்டும். இதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பிரேக் பிடித்தால் யோசித்து நிற்கிற வண்டியை எம்.ஜி. ரோட்டு டிராஃபிக்கில் விடவேண்டும் என்று நானே சொல்ல மாட்டேன். என் கேள்வி ஒன்றுதான். ரோட்டில் வேண்டாம் என்றால், வேறு எங்கே?

இடம் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து முறையான டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் 2003இலிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கரிவர்தன் பெயர் அதற்கு வைத்தது எவ்வளவு பொருத்தம்! மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி வண்டிகளைச் செய்து, கோடீஸ்வரன் அல்லாத பையன்களும் ரேஸ் ஓட்ட வழி செய்தவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயன் அதே கோவைதான்.

நான் கேட்பது வருடத்தில் ஒரே ஒரு நாள். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ, பழைய வண்டிகளுக்கென்று ஒரு நாள். முண்டியடிக்கிற ரேஸ்கூட முதலில் வேண்டாம். ரெகுலாரிட்டி என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிடம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் அதே நேரத்தில் முடிக்க வேண்டும். வேகமாகப் போனாலும் மார்க் போகும், மெதுவாகப் போனாலும் மார்க் போகும். 1948 எம்.ஜி.யும் 1965 ஹெரால்டும் ஒரே பந்தயத்தில் சமமாக ஓடலாம். இருபது வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஓடலாம். டிக்கெட் விலை ஒரு அப்பா பையனை சைக்கிளில் வைத்துக் கூட்டிவருகிற விலையாக இருக்க வேண்டும்.

பணக்காரன் விளையாட்டு என்பீர்கள். சந்தேகமில்லாமல் காசு ஆகும். ஆனால் யோசியுங்கள். ரிசார்ட் வரவேற்பறையில் கயிறு கட்டி நிற்கிற கார்தான் உண்மையான பணக்காரன் விளையாட்டு. ஓடுகிற வண்டி டிங்கருக்கும், லேத்துக்காரருக்கும், கேஸ்கெட் வெட்டுகிறவருக்கும், வண்டியின் மரச் சட்டத்தைச் சரிபார்க்கிற ஆசாரிக்கும் வேலை கொடுக்கும். (ஆமாம், டி.சி.யின் பாடிக்குள் மரச் சட்டம்தான். கேரள மழைக்கும் சிதலுக்கும் அது பெரிய விருந்து. பெரியவர் இரண்டு தடவை ஆசாரியை வைத்து மாற்றியிருக்கிறார்.)

ஆபத்து என்பீர்கள். உண்மை. மறைக்க மாட்டேன். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 59 வயது மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் விபத்தில் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பைக் பந்தயத்தில் போய்விட்டான். குழந்தைகளை பைக்கில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை, அது வேறு பதிவு. ஆனால் டிராக்கில் ஹெல்மெட் உண்டு, டாக்டர் உண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும், எதிரே லாரி வராது. இங்கே கவடியார் ரோட்டிலும் கோவளம் பைபாஸிலும் பையன்கள் ராத்திரி பைக் ரேஸ் விடுகிறார்கள். அங்கே எதுவும் கிடையாது, நடுவில் ரோட்டைக் கடக்கிற நாமும் இருக்கிறோம். வேகத்தின் மேல் ஆசை வருவதை யாராலும் தடுக்க முடியாது. அதற்கு ஒரு இடம் கொடுக்கலாம்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நடிகர் அஜித் போதும். ஐம்பதைத் தாண்டி, சொந்த அணி அமைத்து, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தது. தமிழர்கள் கொடியோடு போய் நின்று கத்தியதைப் பார்த்தேன். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ரேஸ் நடந்தபோதும் கூட்டம் வந்தது. ஆக, நம் ஜனங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை. மூத்தவரின் போனைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "பையன் சொல்றதும் நியாயம்தான் தம்பி. குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமா?" என்றார்.

கரமனையிலிருந்து ஒரு ஆசான் வந்தார், அவருக்கும் எழுபதிருக்கும். மூன்று நாள் வேலை. டாங்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருந்தது. இரண்டு கார்புரேட்டரையும் இறக்கிக் கழுவினார். புது பாட்டரி. சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள் பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார் ஆசான். ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! நாற்பது வருடத்துக்கு முந்தி சைக்கிள் பாரில் உட்கார்ந்து கேட்ட சத்தத்தின் தம்பி.

ரோட்டில் எடுத்துப் போயிருக்கலாம். காலை ஆறு மணி, வெள்ளயம்பலத்திலிருந்து கவடியார் வரை ரோடு காலி. ஆனால் பதிவு காலாவதி, இன்ஷூரன்ஸ் இல்லை. நான் வங்கிக்காரன், சட்டத்துக்குப் பயந்தவன். வேண்டாம் என்றது நான்தான். அதனால் கேட்டுக்குள்ளேயே இருபது அடி முன்னால், இருபது அடி பின்னால். பக்கத்து சீட்டில் பெரியவரைத் தூக்கி உட்கார வைத்தோம். திருவனந்தபுரத்திலிருந்து சோழவரம் போய் ரேஸ் ஓட்டித் திரும்பி வந்த வண்டிக்கு, கடைசியில் நாற்பது அடி.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. இரண்டு வருடம் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் உங்கள் கணக்கு செயல்படாத கணக்கு. பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பணம் தொலையாது, கேட்டால் திரும்ப வரும். வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எஞ்சின் இறுகும், ரப்பர் காயும், மரத்தைச் சிதல் தின்னும், தெரிந்த ஆசானும் ஒரு நாள் போய்விடுவார். அப்புறம் கேட்டால் திரும்ப வராது.

மூத்தவருக்கு போன் செய்து சொன்னேன். பதினேழு வருட சர்வீஸில் முதல் தடவையாக ஒருவரைக் குறைந்த விலைக்கு விற்கச் சொன்னேன். கோவையில் ஒருவர் இருக்கிறார், சொந்தமாக லேத் பட்டறை. வடக்குப் பார்ட்டி சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அவரால் முடியும். ஆனால் ஓட்டுவார். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்: "ஓட்டுதவன்ட்ட குடு."

தம்பியோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் இல்லை. காத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ துபாயிலோ இருப்பீர்கள். ஊரில் அப்பாவின் ஷெட்டில் ஒரு ஹெரால்டோ, ஃபியட்டோ, லாம்பரட்டாவோ தார்ப்பாய்க்குள் இருக்கலாம். அடுத்த லீவில் போகும்போது தார்ப்பாயை எடுத்துவிட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். விற்பதா வைப்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பி.கு: எம்.ஜி. இப்போது சீனாவின் சாய்க் கம்பெனி கையில் இருக்கிறது. இந்தியாவில் ஜே.எஸ்.டபிள்யூ.வோடு கூட்டு. போன வாரம் தெருவில் ஒரு புது எலக்ட்ரிக் எம்.ஜி. போனது, முன்னால் அதே எண்கோண முத்திரை. பெரியவர் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே தம்பி, எஞ்சின் ஆஃப் பண்ணிட்டா இறங்கி வாரான்?" என்றார் :-)